மாணவர் அம்பேத்கார்

டாக்டர் பீமராவ் அம்பேத்கார் இலங்கைவாசிகளுக்குப் புதியவரல்லர். 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக பௌத்தர் மகாநாட்டை முன்னிட்டு அவர் எம் நாட்டிற்கு வந்து சென்றார். சுதந்திர இந்தியாவின் முதற் சட்ட மந்திரியென்றும், அந்நாட்டு அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரென்றும், தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவரென்றும் அவரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆந் திகதி அவர் காலமானார். அவர் பெயருக்கு முன்னே நிற்கும் டாக்டர் என்னும் சொல்லை நாமெல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அச்சொல்லைப் பெற அவர் எத்தனை இரவு பசித்திருந்தார், எத்தனை முறை கப்பலேறினார், யார் யாரிடம் கடன் கேட்டு நின்றார் என்பவற்றை அறிந்தவர் சிலரே. இன்று எம் வாலிபர் பலர் ஆராய்ச்சிப் பட்டம் நாடி உள்ளூரிலும் பிறநாடுகளிலும் உழைக்கின்றனர். ஆதலால், அரசியல் அம்பேத்காரை இம்முறை ஒருபுறம் இருத்திவிட்டு, மாணவர் அம்பேத்காரை மட்டும் இங்கே காண முயல்கின்றோம்.

அவர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி மகோ என்னும் இராணுவ நகரில், மகார் சாதியில், பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார். தந்தை இராம்ஜி சக்பால் படையிலே சுபேதாராக இருந்தவர். பள்ளியிலே சிறுவன் பீமன் மற்றைப் பிள்ளைகளோடு இருக்க முடியாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்கை ஒரு மூலையில் விரித்து அதன்மேல் இருக்கவேண்டும். பள்ளிச் சேவகன் உயரத்திலிருந்து வார்த்தாலன்றிக் குடிக்கத் தண்ணீரில்லை. சமஸ்கிருதம் படிக்க விரும்பியும் அது மறுக்கப்பட்டதால் பாரசீகம் படித்தார். (எம் நாட்டிலும் 1930ஆம் ஆண்டளவில் பள்ளிகளிற் சம ஆசனம் கொடுத்தமைக்காகக் கொட்டில்கள் எரிந்த கதையைப் பெரியோர் அறிவர். அயல்நாட்டுக் கதையென்று இதை நாம் தள்ளிவிட முடியாது.)

பிற்காலத்து இராக் கண்விழிப்புக்கு வித்திட்டது பம்பாயில் பரேல் பகுதியில் இருந்த ஒற்றை அறை வாழ்க்கையே. அந்த அறையிலேதான் சமையல், அங்கேதான் படுக்கை. தந்தையார் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, பின்னர் மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு அவன் படுத்த இடத்திலே தாம் படுப்பார். அங்ஙனம் படித்தே 1907இல் மற்றிக்குலேசன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவியோடு எல்பின்ஸ்டன் கல்லூரியிற் படித்து 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பெப்ரவரியில் தந்தையார் இறந்தார். அதே ஆண்டில் மன்னர் மாதம் பதினொன்றரைப் பவுண் வீதம் மூன்று ஆண்டுகளுக்குப் புலமைப் பரிசில் வழங்கி அமெரிக்காவுக்கு அனுப்பினார். படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்வதாக ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வொப்பந்தம் பிறகு அவருக்கு எவ்வளவு இடர் விளைத்ததென்பதைக் காண்போம்.

1913 யூலையில் நியூயோர்க் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழக விடுதிச் சாப்பாடு ஒத்துவரவில்லை, இடம் மாறினார். இறுதியில் லிவிங்ஸ்டன் மண்டபத்தில் நவல் பத்தேனா என்னும் பார்சி மாணவரோடு ஓரறையில் தங்கினார். இந்த நட்பை வாசகர் மனத்திற் குறித்துக்கொள்ளல் வேண்டும்; இக்கதையில் இப்பெயர் மறுபடியும் வரும். பிறந்ததுமுதல் தொடாதே, கிட்ட வராதே என்ற குரலையே கேட்டு வளர்ந்த ஒருவர், எவரோடும் ஒரே மேசையில் இருந்து உண்ணலாம், எந்தக் கதவையும் தட்டலாம் என்ற ஊருக்கு வந்தால் என்ன நேரும்? முதற் சில மாதங்கள் நண்பரோடு ஆட்டத்திலும் உலாவலிலுமே கழிந்தன. பின்னர், தாம் எதற்காக வந்தோம், ஊரில் யார் யார் தம்மை நம்பியிருக்கின்றனர் என்பதை எண்ணினார், புத்தகத்துள் புகுந்தார். புகுந்தவர் வெளியே வரவேயில்லை என்று சொல்லலாம். பொருளியலில் மட்டும் 29 பாடநெறிகளை எடுத்தார். சரித்திரம், சமூகவியல், தத்துவம், மானிடவியல் என்பவற்றையும் விட்டாரல்லர். செலிக்மன், ஜோன் டூயி முதலிய பேராசிரியர்களிடம் பாடங் கேட்டார். பரிசிற் பணத்திலே ஒரு பகுதியை மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பினார். எஞ்சியதில் வயிற்றுக்கு ஒதுக்கியதைவிடப் பழம்புத்தகக் கடைகளுக்கு ஒதுக்கியது அதிகம். ஏறக்குறைய இரண்டாயிரம் புத்தகங்களை அந்நகரில் வாங்கிச் சேர்த்தார்.

1915இல் எம்.ஏ. பட்டம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் இந்தியாவின் சாதிகளைப்பற்றி மானிடவியல் வகுப்பில் ஒரு கட்டுரை படித்தார். யூன் மாதத்தில் கலாநிதிப் பட்டத்திற்குரிய ஆராய்ச்சிக் கட்டுரையையும் முடித்தார். இவ்வளவும் மூன்று ஆண்டுகளுக்குள். ஆனால் அக்காலத்துக் கொலம்பியாவிலே கட்டுரையை அச்சிட்டுப் படிகளை ஒப்படைத்தாலன்றிப் பட்டம் கைக்கு வராது. அச்சுக்கூலிக்குக் கையிற் காசேது? கட்டுரை ஏற்கப்பட்டது, பட்டமோ பல்லாண்டுகளின் பின்னரே வந்தது.

1916 ஒக்டோபரில் இலண்டன் போய், பாரிஸ்டர் படிப்புக்கு கிரேய்ஸ் இன்னிலும், பொருளியல் ஆராய்ச்சிக்கு இலண்டன் பொருளியற் கல்லூரியிலும் சேர்ந்தார். வேலை தொடங்கி ஓராண்டாகவில்லை. பரிசிற் காலம் முடிந்துவிட்டது, ஒப்பந்தப்படி திரும்பி வருக என்று பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. நடுவழியில் இறக்கிவிடப்பட்ட பிரயாணிபோல் ஆனார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்றுக்கொண்டு 1917 யூலையில் இலண்டனை விட்டார். அது முதல் உலக யுத்தகாலம். அவர் ஏறிய கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது. அவருடைய பெட்டிகளை ஏற்றிவந்த வேறொரு கப்பல் பகைவரின் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. புத்தகங்கள் கடலடியிற் போய்ச் சேர்ந்தன. நியூயோர்க்கில் ஒரு நண்பரிடம் ஒப்படைத்த இரண்டாயிரத்திலும் ஒரு பகுதியே பின்னர் அவர் கைக்கு வந்தது. மாணவர் ஒருவருக்குத் தன் குறிப்பேட்டை இழப்பதைவிடப் பெரிய நட்டம் உண்டோ? நட்ட ஈடாகக் கிடைத்தது 600 ரூபா. அதுவே பரோடா போவதற்குரிய பிரயாணச் செலவாயிற்று.

பரோடாவில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்லல் வேண்டும். இரண்டு கண்டங்களிற் படித்த பேரறிஞர் மன்னரின் இராணுவச் செயலாளராக வருகிறார். புகையிரத நிலையத்தில் வரவேற்க ஒருவருமில்லை. இந்து விடுதி எதுவும் இடங் கொடாது. பார்சியரின் சத்திரமொன்றில், பார்சிப் பெயரொன்றைச் சொல்லி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாவுக்கு மேல்மாடியில் தங்கினார். வேறு விருந்தினர் இல்லாத இடம். பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்து, ஒரு சிறு விளக்கின் வெளிச்சத்தில் இருண்டு கிடந்த மாடி. அலுவலகத்திலோ சேவகர்கள் கடிதக் கட்டுகளை எட்ட நின்று மேசைமேல் எறிவர். குடிக்கத் தண்ணீர் கொடார். பதினோராம் நாட் காலையில் தடிகளோடு பார்சியர் ஒரு கூட்டமாகப் படியேறி வந்து, சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டாய், மாலைக்குள் வெளியேறு என்று மிரட்டினர். அவர் இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து, தம் வேலைக்காரர் வீட்டைவிட்டுப் போய்விடுவர் என்றார். மற்றவர் கிறிஸ்தவர், மனைவியைக் கேட்டே சொல்ல வேண்டும் என்றார். அந்தக் குடும்பம் பிராமண குலத்திலிருந்து மதம் மாறியது. மனைவி சம்மதிக்கமாட்டார் என்பது இவருக்குத் தெரிந்துவிட்டது. மிஷன் பள்ளியிற் படித்து, மனிதர் யாவரும் ஒரு தந்தையின் பிள்ளைகள் என்று தினமும் காலையிற் கேட்டு வளர்ந்த எமக்கு இவ்விடம் முள்ளாகவே தைக்கின்றது. சாதி எந்தக் கோவிலின் வாசலிலும் செருப்பைப்போலக் கழற்றி வைக்கப்படுவதில்லை போலும்! இரவு இரயில் வரும்வரை ஒரு பூங்காவிலே இருந்துவிட்டு அம்பேத்கார் பம்பாய்க்குத் திரும்பினார். கொலம்பியாவில் எந்தக் கதவையும் தட்டலாம் என்றிருந்தவருக்குத் தம் சொந்த நாட்டில் ஒரு கதவும் திறக்கவில்லை.

அடுத்த ஓராண்டு, பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். வணிகருக்குப் பங்குச் சந்தை ஆலோசனை கூறும் சிறு தொழிலொன்றும் தொடங்கினார். ஆலோசகரின் சாதி தெரிந்ததும் வணிகர் வருவது நின்றது. 1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் அரசியற் பொருளியல் பேராசிரியரானார். அங்கும் உடன் ஆசிரியர் சிலர், பொதுத் தண்ணீர்க் குடத்தில் இவர் குடிப்பதை ஆட்சேபித்தனர். இவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மாதச் சம்பளம் 450 ரூபாவிலே இயன்றவரை மிச்சம் பிடித்தார். பரேலிலே அதே எளிய குடியிருப்பு, அதே எளிய சாப்பாடு. மனத்தில் ஒரே எண்ணம்: நான்கு ஆண்டுகள் முடியுமுன் இலண்டன் திரும்பவேண்டும். சேமித்த பணம் போதவில்லை. லிவிங்ஸ்டன் மண்டபத்து நவல் பத்தேனா 5000 ரூபா கடன் கொடுத்தார். கோலாப்பூர் சாகு மகாராசரும் உதவினார். தடியேந்தி வந்தவரும் பார்சியர், கடன் தந்தவரும் பார்சியரென்பதை நாம் கவனித்தல் நன்று. 1920 மார்ச்சில் கல்லூரிப் பதவியைத் துறந்து, யூலையில் மறுபடியும் கப்பலேறினார்.

இனி வருவதே ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பகுதி. வயது இருபத்தொன்பது. ஊரிலே மனைவியும் பிள்ளையும். கையிலே கடன் பணம். வாடகை விடுதியொன்றில் தங்கினார். 1921, 1922ஆம் ஆண்டுகளில் இலண்டன் கிங் ஹென்றி வீதி 10ஆம் இலக்க வீட்டில் வசித்தார். இன்று அவ்வீடு அவர் நினைவில்லமாக விளங்குகின்றது. விடுதிகளிலே முன்பு அவர் இருந்த ஒன்றின் உரிமைக்காரி கடுகடுத்தவள். கொடுப்பதில் அதைவிடக் கடுமையானவள். காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் சாம், ஒரு கோப்பைத் தேநீர். அதை உண்டுவிட்டு நடந்தே பிரித்தானிய நூதனசாலை நூல் நிலையத்துக்குப் போவார். கதவு திறக்கும் வேளைக்கே அங்கு நிற்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமும் கிடையாது, காசும் கிடையாது. மாலையில் நூல் நிலையக் காவலர் வந்து எழுப்பும்வரை கதிரையை விட்டு அசையார். சட்டைப் பைகள் குறிப்புத் தாள்களால் உப்பியிருக்கும். அங்கிருந்து இந்தியா அலுவலக நூல் நிலையம், பல்கலைக்கழக நூல் நிலையம் என்று ஒரு சுற்று. இரவில் விடுதிச் சாப்பாடும் காலைச் சாப்பாட்டின் தங்கச்சிதான். பத்து மணிக்குப் பசி குடலைக் கிள்ளும். அப்போது கைகொடுத்தது அப்பளம்! அறிமுகமான இந்தியர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டிலிருந்து நாலைந்தை எடுத்துத் தகரத் தட்டிற் சுட்டு, ஒரு கோப்பைப் பாலோடு தின்றுவிட்டு மறுபடி படிக்க இருப்பார். விடியற்புறம்வரை விளக்கு எரியும். அறைத் தோழர் இடையில் விழித்து, இனிப் படுக்கலாமே என்றால், உண்ணக் காசும் உறங்க நேரமும் தமக்கில்லை என்ற கருத்தில் ஏதேனும் சொல்லிவிட்டு ஏட்டைப் புரட்டுவார்.

இவ்வளவு வருந்திப் படித்த விஷயம் யாது? ரூபா! இந்திய ரூபாவின் மதிப்பை எப்படி நிலைநிறுத்துவது என்பதே அவர் ஆராய்ச்சி. கேட்கவே சிலருக்குத் தலைவலி வரலாம். ஆயினும் சுருக்கமாகச் சொல்லுவோம். 1893இல் இந்திய அரசாங்கம், பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தியது. பின்னர் ரூபாவை 1 சில்லிங் 4 பெனி என்று வைத்து, இலண்டனிற் பொன் சேமித்து, அந்த வீதத்தைக் காப்பாற்றி வந்தது. இவ்வேற்பாட்டைக் கேயின்ஸ் என்னும் பெரும் பொருளியலறிஞர் 1913இல் ஒரு நூலிற் புகழ்ந்திருந்தார். மாணவர் அம்பேத்காரோ அதை மறுத்தார். எத்தனை ரூபா அடிப்பதென்பது அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி அடித்தால் விலை ஏறும். விலை ஏறினால் முதலில் நசுங்குபவன் கூலிக்காரன். ஆதலால் அரசாங்கமும் ரூபா அடிப்பதை நிறுத்திப் பொன்னோடு நாணயத்தைக் கட்டுதல் வேண்டும் என்பது அவர் வாதம். நூல் நிலையத்தில் அப்பளப் பசியோடு இருந்த ஒருவர் கேயின்சோடு வாதாடத் துணிந்தாரே, அந்தத் துணிவுதான் ஆராய்ச்சி என்பது எம் கருத்து.

ரூபாவைப்பற்றி எழுதியவரை ரூபாவும் சும்மா விடவில்லை. 1920 தொடக்கத்தில் ஒரு ரூபா 2 சில்லிங் 8 பெனிக்கும் மேல் விலைபோயிற்று. 1921 தொடக்கத்தில் அது பாதியளவாய் விழுந்தது. பம்பாயில் ரூபாவாய்ச் சேர்த்த பணம் இலண்டனிற் பவுணாய் மாறும்போது கரைந்து போயிற்று. 1921 செப்டெம்பரில் அவர் சாகு மகாராசருக்குக் கடிதம் எழுதி, மாற்று வீதம் விழுந்ததால் நேர்ந்த முடையைச் சொல்லி, சட்டப் படிப்புக் கட்டணத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் 200 பவுண் கடன் கேட்டார். பத்தேனாவுக்கும் எழுதினார், தொல்லை கொடுப்பதற்கு வருந்தி வருந்தியே கேட்டார். நூலிலே விலைவீதமென்று அட்டவணையாய் இருப்பது, விடுதியறையிலே மறுநாட் சாப்பாடாய் இருந்தது.

மாணவரின் கதையைச் சொல்லுவோர் அவர் மனைவியை மறந்துவிடுவது வழக்கம். இரமாபாய் 1906இல் சிறுமியாய் அவருக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவர் கடல் கடந்து படித்த காலமெல்லாம் பரேல் குடியிருப்பிலே குறைந்த பணத்தைக்கொண்டு குடும்பத்தைத் தாங்கினார். பெற்ற பிள்ளைகள் ஐவரில் நால்வர் சிறு பருவத்திலேயே மடிந்தனர். யஷ்வந்த் ஒருவரே மிஞ்சினார். இரமாபாயும் 1935இற் காலமானார். பிற்காலத்தில் அம்பேத்கார் பாகிஸ்தான் பிரச்சினைபற்றிய தம் நூலை அவர் நினைவுக்கே உரிமையாக்கினார். புலமைப் பரிசிலில் இரமாபாய்க்கென்று ஒரு பங்கு எந்தப் பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை; எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது எம் எண்ணம்.

1921 யூனில், மாகாண நிதிபற்றிய கட்டுரைக்கு எம்.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. 1922இற் பாரிஸ்டரானார். அவ்வாண்டு ஒக்டோபரில் ரூபாக் கட்டுரையை டி.எஸ்ஸி. பட்டத்துக்காக ஒப்படைத்தார். ஜேர்மனியின் பொன் நகரப் பல்கலைக்கழகத்திலும் படிக்க எண்ணி அங்கே சென்றார். நிம்மதியாக மூச்சுவிடலாம் என்ற வேளையில் இலண்டனிலிருந்து அழைப்பு வந்தது. 1923 மார்ச்சில் அவருக்குச் சொல்லப்பட்டது இதுதான்: கட்டுரையை இப்படியே ஏற்க முடியாது; திருத்தி எழுதித் தருக. பிரித்தானிய ஆட்சியின் நாணயக் கொள்கையை அதிற் கடுமையாகச் சாடியிருந்ததே காரணமென்று வரலாறு எழுதியோர் கூறுவர்.

ஆராய்ச்சி மாணவர் எவருக்கும் அச்சந் தருவது இந்தச் சொல். மூன்றாண்டு உழைப்பு மேசைமேல் திரும்பி வந்து கிடக்கின்றது. அம்பேத்காருக்கோ இலண்டனில் இன்னொரு மாதம் இருக்கவும் வழியில்லை. கைப்பணம் முடிந்தது. ஏப்ரலிற் பம்பாய் திரும்பினார். பாரிஸ்டராய்ப் பட்டம் பெற்றும், நீதிமன்றத்தில் வழக்குரைஞராய்ப் பதிவதற்குரிய கட்டணங் கட்டப் பணமில்லை. மறுபடியும் பத்தேனாதான் உதவினார். பகலில் வழக்குத் தேடுவது, வழக்குக் கொண்டுவருவோர் சாதி பார்த்துத் திரும்பிப் போவதைக் காண்பது, இரவில் பரேலிலே அமர்ந்து கட்டுரையைத் திருத்துவது என்று நாட்கள் போயின. எந்த அறையிலே தந்தையார் இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டாரோ அதேபோன்ற சூழலில், எழுப்ப எவருமில்லாமலே விழித்திருந்தார். சொல்லும் முறையைத் திருத்தினாரேயன்றித் தம் முடிபுகளை மாற்றினாரல்லர். ஆகஸ்டில் கட்டுரையைத் தபாலில் அனுப்பினார். நவம்பரில் அது ஏற்கப்பட்டது. ஆண்டு முடியுமுன் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தது. பேராசிரியர் எட்வின் கனன், பலவிடங்களில் ஆசிரியரோடு தாம் உடன்படவில்லை என்பதை மறையாமலே முன்னுரை வழங்கினார். உடன்படாத மாணவருக்கு முன்னுரை எழுதும் ஆசிரியர் எத்தனை பேர்? அந்நூலை அம்பேத்கார் தம் பெற்றோருக்கு உரிமையாக்கினார். 1925இலும் 1926இலும் இந்திய நாணயத்தை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தபோது, பேசியவை பெரும்பாலும் அந்த இரவுகளிற் குறித்துவைத்தவையே.

கொலம்பியாவின் கணக்கு இன்னும் தீரவில்லை. 1916இற் கொடுத்த கட்டுரையைப் புதுக்கி, விரிவாக்கி, 1925இல் மாகாண நிதியின் வளர்ச்சிபற்றிய நூலாக இலண்டனில் அச்சிட்டார். செலிக்மன் முன்னுரை எழுதினார். படிப்புக்கு முதன்முதல் உதவிய சாயாஜிராவ் கெய்க்வாட் மன்னருக்கு அந்நூல் உரிமையாக்கப்பட்டது. பரோடா அவரை நடத்தியதையும் மன்னர் அவருக்கு உதவியதையும் அவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை.

அச்சிட்ட படிகள் நியூயோர்க் சென்றன. இதற்கிடையில் 1927 மார்ச் 20ஆந் திகதி, மகாட் என்னும் ஊரில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று, அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுக் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார் அம்பேத்கார். பள்ளிச் சேவகன் உயரத்திலிருந்து வார்த்த தண்ணீரையும், சிடனம் கல்லூரிக் குடத்தையும் அப்போது அவர் நினைத்திருப்பாரோ என்னவோ. அவ்வாண்டு யூன் மாதத்தில், தாம் கட்டுரை எழுதி முடித்துப் பதினோராண்டுகள் சென்றபின், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.